ஒரு தடவை எழுதின மாட்யூல் எத்தனை போர்டில் ஓடும்?

4-1-2025, கேள்வி

அண்ணா, நான் இறுதியாண்டு இசிஇ. எஃப்பிஜிஏ-வின் (நாம் எழுதுகிறபடி உள்ளே சர்க்யூட்டை அமைத்துக்கொள்ளும் சிப்) பெரிய லாபமே வெரிலாக் என்ற வன்பொருள் மொழியில் ஒரு தடவை எழுதினால் போதும், எந்த போர்டுக்கும் அப்படியே எடுத்துப் போகலாம் என்பதுதான் என்று புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். கைடு அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, பக்கத்தில் "நிஜமாகவா?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாட்யூல் ஒரு சாதாரண யூஆர்ட், அதாவது எழுத்துகளைப் பிட் பிட்டாக அனுப்பி வாங்கும் சர்க்யூட். ஐஸ்ஸ்டிக் போர்டில் நன்றாக ஓடியது. டாங் நானோ 9கே போர்டில் போட்டால் கணினித் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. கிளாக் மதிப்பைப் பாராமீட்டரில் மாற்றிவிட்டேன், பின் எண்களும் சரி. தப்பு என் வாக்கியத்திலா, போர்டிலா?

4-1-2025, இரவு

நிரலைப் போடுங்கள் தம்பி. பார்க்காமலே ஓர் ஊகம்: கவுண்டரின் அகலம்.

ஐஸ்ஸ்டிக்கில் கிளாக் 12 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 115200 பிட் வேகத்துக்கு ஒரு பிட்டுக்கு 104 கிளாக். அதை எண்ண ஏழு பிட் ரிஜிஸ்டர் போதும், 127 வரை எண்ணும். டாங் நானோ 9கே-வில் 27 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு பிட்டுக்கு 234 கிளாக். பாராமீட்டரை மாற்றினீர்கள், ரிஜிஸ்டர் ஏழு பிட்டாகவே இருந்துவிட்டது என்றால், கவுண்டர் 127-ஐத் தொட்டதும் சுற்றிக்கொண்டு 0-க்கு வந்துவிடும். 233 வந்ததா என்று காத்திருக்கும் ஒப்பீடு யுகம் முடிந்தாலும் நிறைவேறாது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் லைனை 0-க்கு இறக்கும் ஸ்டார்ட் பிட் தொடங்கும், முடியாது.

மல்டிமீட்டர் இருந்தால் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட் காட்ட வேண்டும். ஒரு எழுத்து அனுப்பச் சொன்ன பிறகு 0-விலேயே நின்றுவிட்டால் ஊகம் சரி.

5-1-2025

தம்பி நிரலைப் போட்டுவிட்டார். ஏழு பிட்தான். மீட்டரும் பூஜ்யத்தில் நின்றதாம்.

இது ஜோசியம் இல்லை. இதே குழியில் நான் இரண்டு நாள் கிடந்தேன். என்னுடையது 12-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்குப் போனபோது நடந்தது: 868 எண்ண வேண்டிய இடத்தில் ஏழு பிட். கேபிளை மாற்றினேன், டிரைவரை மறுபடி நிறுவினேன், இன்னொருவர் போர்டைக் கடன் வாங்கி அதிலும் போட்டுப் பார்த்தேன். சிமுலேஷனை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் மதிப்பு வைத்து மறுபடி ஓட்டவில்லை. ஏன் ஓட்ட வேண்டும், அதுதான் ஏற்கெனவே "பாஸ்" ஆன மாட்யூலாயிற்றே.

அகலத்தை எண்ணாக எழுதாதீர்கள். வெரிலாக் 2005-இல் சிலாக்2 என்ற ஃபங்ஷன் வந்துவிட்டது. மொத்தம் எத்தனை கிளாக் எண்ண வேண்டும் என்று கொடுத்தால் எத்தனை பிட் வேண்டும் என்று அதுவே சொல்லும். அப்புறம், வெரிலேட்டர் என்ற சிமுலேட்டரின் எச்சரிக்கைகளை முழுதாகத் திறந்து வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். ஏழு பிட்டை அதற்குள் அடங்காத எண்ணோடு ஒப்பிடுகிறாய் என்று அது சத்தம் போடும். என்னிடமும் போட்டிருக்கும். நாற்பது எச்சரிக்கைகளுக்கு நடுவில் நாற்பத்தொன்றாவதாக.

6-1-2025

இன்னொன்று: எல்ஈடி தலைகீழாக எரிகிறது என்று பயப்பட வேண்டாம். ஐஸ்ஸ்டிக்கில் 1 கொடுத்தால் எரியும், டாங் நானோ 9கே-வில் 0 கொடுத்தால் எரியும். இந்த மாதிரி போர்டின் குணங்களை மாட்யூலுக்குள் விடவே கூடாது. போர்டுக்கு ஒரு டாப் ஃபைல் (மாட்யூல்களை பின்களோடு இணைப்பது), புரட்டலெல்லாம் அங்கேயே முடியட்டும்.

11-1-2025

வேறொருவர் கேட்கிறார்: "அகலம் சரியாக இருந்தால் அப்படியே ஓடிவிடும், அப்படித்தானே?" ஓடாது. என் ஃபிஃபோ கதையைச் சொல்கிறேன்.

ஆஃபீஸில் ஆர்ட்டிக்ஸ்-7 சிப்பில் ஒரு ஃபிஃபோ (முதலில் வந்த டேட்டா முதலில் வெளியேறும் வரிசை) எழுதினேன். 256 பைட். முகவரி கொடுத்த அதே கிளாக்கில் டேட்டா வெளியே வந்துவிடும், கையாள சுகமாக இருந்தது. மாதக்கணக்கில் ஓடியது. வீட்டில் பொழுதுபோக்குக்காக ஐஸ்ஸ்டிக்குக்குக் கொண்டுபோனேன். சிப்பில் இடமில்லை என்று டூல் கையை விரித்துவிட்டது. 256 பைட்டுக்கு இடமில்லையா? அந்த சிப்பில் 64 கிலோபிட் பிளாக் ரேம் இருக்கிறதே!

காரணம் படிக்கும் விதத்தில் இருந்தது. ஆர்ட்டிக்ஸில் லட்டுகளையே (சர்க்யூட்டின் தர்க்கத்தைச் செய்யும் குட்டி அட்டவணைகள்) குட்டி ரேமாக மாற்றிக்கொள்ளலாம், அதில் கிளாக்குக்குக் காத்திருக்காமல் படிக்க முடியும். என் ஃபிஃபோ அங்கே சில டஜன் லட்டுகளில் அடங்கிவிட்டது. ஐஸ்ஸ்டிக்கில் இருக்கும் ஐஸ்40 குடும்பச் சிப்பில் அந்த வசதி இல்லை. இருப்பது பிளாக் ரேம் மட்டும், அது கிளாக் வந்தால்தான் படிக்கும். நான் எழுதியபடி படிக்க வேண்டுமென்றால் டூலுக்கு ஒரே வழிதான்: பிட்டுக்கு ஒரு ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சர்க்யூட்). 256 பெருக்கல் 8, ஆக 2,048. ஐஸ்ஸ்டிக்கில் இருக்கும் எச்எக்ஸ்1கே சிப்பில் மொத்தமே 1,280.

சரி, கிளாக்கில் படிக்கும்படி ஒரு வரி மாற்றினேன். இடப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் டேட்டா இப்போது ஒரு கிளாக் தாமதமாக வருகிறது. அந்த ஃபிஃபோவிலிருந்து எடுத்துச் சாப்பிடும் மாட்யூலுக்கு இது தெரியாது, ஒவ்வொரு தடவையும் முந்தைய பைட்டை எடுத்துக்கொண்டது. ஒரு வரித் திருத்தம், நாலு மாட்யூலில் வேலை.

வெரிலாக் இலக்கணப்படி இரண்டும் சரியான நிரல்கள். உங்கள் வாக்கியத்தில் கைடு கோடு போட்ட இடம் இதுவாக இருக்கலாம்.

14-1-2025

பொங்கல் அன்று கேள்வி வந்தால் கரும்பைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. "கம்பெனி டூலில் விசார்டைத் தட்டினால் ஃபிஃபோ ரெடியாகக் கிடைக்கிறதே, எதற்கு வீண் வேலை?" நாளைக்கு டெமோ என்றால் தட்டுங்கள், நானும் தட்டுவேன். ஆனால் அதை உங்கள் பெயரில் ஒரு உறைக்குள் போட்டுவிட்டு, மற்ற மாட்யூல்கள் உறையோடு மட்டும் பேசும்படி வையுங்கள். சிப் மாறும் நாளில் உறைக்குள் இருப்பதை மாற்றினால் போதும். உறை போடாமல் முப்பது இடத்தில் நேராகக் கூப்பிட்ட ஒரு டிசைனை நான் வேறு கம்பெனி சிப்புக்கு மாற்றியிருக்கிறேன். அந்த மாதம் முழுக்க வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை.

19-1-2025

11-ஆம் தேதி சொன்ன ஃபிஃபோ சங்கடத்துக்கு மருந்து வேலிட்-ரெடி கைகுலுக்கல். அனுப்புகிறவர் "டேட்டா வைத்திருக்கிறேன்" என்று வேலிட்டை உயர்த்துவார். வாங்குகிறவர் "கை காலியாக இருக்கிறது" என்று ரெடியை உயர்த்துவார். இரண்டும் ஒரே கிளாக்கில் உயர்ந்திருந்தால் சரக்கு கைமாறியது என்று அர்த்தம். உள்ளே ரேம் ஒரு கிளாக் எடுத்ததா மூன்று எடுத்ததா என்பது வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வேலிட் உயரும்வரை சும்மா இருந்தால் போதும். சிப்புக்குள் மாட்யூல்களை இணைக்கும் ஏஎக்ஸ்ஐ பஸ்ஸின் அடிப்படை இதுதான். விஷ்போன் என்ற இன்னொரு பஸ்ஸில் பெயர்கள் வேறு, ஸ்ட்ரோப் என்றும் அக் என்றும் வரும்.

இதில் ஒரு விதி உண்டு, மறந்தால் தொலைந்தோம். அனுப்புகிறவர் ரெடியைப் பார்த்துவிட்டு வேலிட்டை உயர்த்தலாம் என்று காத்திருக்கக் கூடாது. வாங்குகிறவர் வேலிட்டைப் பார்த்துவிட்டு ரெடியை உயர்த்துவதற்கு அனுமதி இருக்கிறது. அனுப்புகிறவரும் காத்திருந்தால் கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் இரண்டு பேர் "நீங்க முதல்ல உக்காருங்க", "இல்ல இல்ல, நீங்க" என்று நின்றுகொண்டே இருப்பது போலாகிவிடும். இலை ஆறிவிடும், சிஸ்டம் தொங்கிவிடும். வேலிட்டை உயர்த்திய பிறகு, ரெடி வரும்வரை டேட்டாவை மாற்றவும் கூடாது.

ரீசெட்டையும் கவனியுங்கள். விஷ்போனில் ரீசெட் 1 ஆனால் வேலை செய்யும், ஏஎக்ஸ்ஐ-யில் 0 ஆனால் வேலை செய்யும். இரண்டு உலகத்திலிருந்தும் மாட்யூல்களை எடுத்து ஒட்டும்போது ஒரு பாதி விழித்திருக்கும், மறு பாதி தூங்கும்.

26-1-2025

முதல் குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றையும் பாராமீட்டராக ஆக்கிவிடு என்று சொல்வது போல ஒரு தொனி வந்துவிட்டது. அதைத் திருத்த வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு எஸ்பிஐ மாஸ்டர் (சென்சார், மெமரி போன்ற சிப்புகளோடு பேசும் மாட்யூல்) எழுதினேன். கிளாக் முனை, கட்டம், எம்எஸ்பி முதலா எல்எஸ்பி முதலா, சிப் செலக்ட் எப்படி, உள்ளே ஃபிஃபோ வேண்டுமா என்று மொத்தம் 11 பாராமீட்டர். எழுதி முடித்ததும் ரொம்பப் பெருமை. எல்லாம் ஆம்/இல்லை என்று வைத்துக்கொண்டாலே 2,048 சேர்க்கைகள். நான் சோதித்தது இரண்டு. மூன்றாவது சேர்க்கையை ஒரு நண்பர் பயன்படுத்தினார், ஓடவில்லை. அவர் என்னிடம் கேட்கவில்லை, சொந்தமாக 80 வரியில் ஒன்று எழுதிக்கொண்டார். அதுதான் இன்றும் இரண்டு மூன்று டிசைன்களில் ஓடுகிறது. என்னுடையது ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது.

அதனால் இப்போது என் வழக்கம்: முதல் தடவை அந்த வேலைக்கு மட்டும் எழுதுவது. இரண்டாவது போர்டில் எது உறுத்துகிறதோ அதைப் பாராமீட்டராக்குவது. மூன்றாவது இடத்தில் கேட்கும்போதுதான் தனி ரெப்போவில் போடுவது. கிளாக் வேகமும் டேட்டா அகலமும் மட்டும் முதல் நாளே பாராமீட்டர், ஏனென்றால் அவை மாறாத போர்டை நான் பார்த்ததில்லை.

2-2-2025

தம்பியின் நிரலில் ஆர்எக்ஸ் (வாங்கும்) பக்கத்தை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். வெளியிலிருந்து வரும் பின் நேராக ஸ்டேட் மெஷினுக்குள் (அடுத்து எந்த நிலை என்று முடிவு செய்யும் பகுதி) போகிறது. இப்போது ஓடும். ஒருநாள் ஓடாது.

அந்த சிக்னலுக்கும் உங்கள் கிளாக்குக்கும் சொந்தபந்தம் கிடையாது. கிளாக் விளிம்பில் அது மாறிக்கொண்டிருந்தால், அதைப் படிக்கும் இரண்டு ஃபிளிப்ஃபிளாப்களில் ஒன்று 0 என்று எடுத்துக்கொள்ளும், மற்றது 1 என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டேட் மெஷின் நீங்கள் எழுதவே எழுதாத ஒரு நிலைக்குப் போய் உட்கார்ந்துவிடும். எனக்கு இது சில மணி நேரத்துக்கு ஒரு தப்பு பைட் என்ற வடிவில் வந்தது. மின்சாரத்தில் இரைச்சல், கிரவுண்ட் சரியில்லை, பக்கத்தில் மோட்டார் ஓடுகிறது என்று ஊரிலுள்ள எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். ஆர்எக்ஸ் பின்னுக்குப் பின்னால் இரண்டு ஃபிளிப்ஃபிளாப்களை வரிசையாக வைத்தேன், நின்றுவிட்டது.

இரண்டே வரி. நான் எழுதியதிலேயே அதிகமாக மறுபடி பயன்பட்ட மாட்யூல் இதுதான். பெயர்கூட ஒழுங்காக வைக்கவில்லை.

ஆனால் இது ஒரு பிட்டுக்கு மட்டும். எட்டு பிட் எண்ணை ஒரு கிளாக்கிலிருந்து இன்னொரு கிளாக்குக்குக் கொண்டுபோக எட்டு ஜோடி வைத்தால், சில பிட் பழையதாகவும் சில பிட் புதியதாகவும் வந்து சேரும். இரண்டு கிளாக் ஃபிஃபோவில் சுட்டிகளை (எங்கே எழுதுவது, எங்கே படிப்பது என்ற எண்கள்) கிரே குறியில் அனுப்புவது இதற்காகத்தான், ஒவ்வொரு அடிக்கும் ஒரே ஒரு பிட் மாறும். இங்கேயும் பாராமீட்டர் ஆசை என்னைக் கவிழ்த்தது. ஆழத்தை 100 என்று கொடுத்தேன். 99-இன் கிரே குறி 1010010. அங்கிருந்து 0-க்குத் திரும்பும்போது மூன்று பிட் ஒரே சமயத்தில் மாறுகிறது. எதற்காகக் கிரே குறி போட்டோமோ அது போயே போச்சு. சிமுலேஷனில் பிட்டுகள் எல்லாம் ஒரே நொடியில் மாறுவதால் அங்கே எல்லாம் பச்சை. இப்போது என் ஃபிஃபோ ஆழம் என்று எண்ணைக் கேட்பதில்லை, முகவரிக்கு எத்தனை பிட் என்று கேட்கிறது. 100 என்று தப்பாகக் கொடுக்க வழியே இல்லை.

3-2-2025

ஆமாம், "லட்டு" என்றுதான் எழுதினேன். எல்யூடி என்று மூன்று எழுத்தாகச் சொல்லிப் பழகியவர்கள் மன்னிக்கவும். யூபி5கே சிப்பில் 5,280 லட்டு இருக்கிறது என்று சொன்னால் என் மகள்கூடக் கவனித்துக் கேட்கிறாள்.

9-2-2025

ஃபிஃபோவில் ஒரு பிழை திருத்தினேன். எத்தனை புராஜெக்டில் அதே ஃபைல் இருக்கிறது என்று தேடினால் ஏழு பிரதிகள்: ஃபிஃபோ, ஃபிஃபோ நியூ, ஃபிஃபோ ஃபைனல், ஃபிஃபோ ஃபைனல்2... ஏழில் நாலு ஒன்றுக்கொன்று வேறு. எந்தத் திருத்தம் எதில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. மறுபயன்பாடு என்று நான் இத்தனை வருடம் செய்துகொண்டிருந்தது காப்பி பேஸ்ட்.

ஒரே ரெப்போவை எல்லா புராஜெக்டும் பகிரும் கிட் சப்மாட்யூலாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஓலோஃப் கிண்ட்கிரென் எழுதிய ஃபியூஸ்சாக் என்ற பேக்கேஜ் மேனேஜரும் இருக்கிறது. எந்த மாட்யூலுக்கு எந்த ஃபைல்கள், எது எதைச் சார்ந்தது என்று ஒரு சின்னக் குறிப்பு ஃபைல் எழுதினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். பிட் பிட்டாகக் கணக்குப் போடும் அவருடைய சர்வ் என்ற ரிஸ்க்-ஃபைவ் பிராசசர் ஐஸ்40-இல் ஏறத்தாழ 200 லட்டில் அடங்குகிறது. அது எத்தனை விதமான போர்டுகளுக்குப் போயிருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தால் வயிறு எரியும்.

16-2-2025

"சீக்கிரம் புரோட்டோடைப் செய்ய எந்த போர்டு?" என்று கேட்டவருக்கு: போர்டைவிட டூல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். 2015-இல் ஐஸ்ஸ்டார்ம் என்ற திறந்த மூலத் திட்டம் வந்து ஐஸ்40-இன் பிட் ஃபைல் (சிப்பில் ஏற்றும் ஃபைல்) ரகசியத்தை உடைத்தது. யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற திறந்த மூல டூல்கள் இரண்டையும் வைத்து ஒரு சின்ன டிசைனைச் சில நொடிகளில் சிப்பில் ஏற்றிவிடலாம். பெரிய கம்பெனி டூல்களில் அதே அளவு டிசைனுக்கு எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். நொடிகளில் முடியும்போது ஒரு நாளில் ஐம்பது தடவை தப்புச் செய்து பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை, எனக்கே: ஏற்றுவது சுலபமாக இருந்தால் சிமுலேஷனை விட்டுவிடுவோம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை எல்ஈடி சொல்லாது. கோகோடிபி என்ற டெஸ்ட் லைப்ரரியை வைத்துப் பைத்தானில் டெஸ்ட் எழுதி, ரெடியைக் கண்டபடி ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே விழுந்துவிடும். மாட்யூலைவிட இந்த டெஸ்டுகள்தான் எனக்கு அதிகம் மறுபடி பயன்பட்டன. ஃபிஃபோவை மூன்று தடவை புதிதாக எழுதிவிட்டேன், டெஸ்ட் அதேதான். சிம்பியோசிஸ் என்ற டூலை வைத்து ஃபார்மல் முறையிலும் (கணித வழியில் சரிபார்ப்பது) சோதித்தேன். ஃபிஃபோ நிறைந்திருக்கும்போது அதே கிளாக்கில் எழுதுவதும் படிப்பதும் நடந்தால் கணக்கு ஒன்று தவறுகிறது என்று ஒரு நிமிஷத்துக்குள் வேவ்ஃபார்மோடு காட்டியது. 9-ஆம் தேதி சொன்ன பிழை அதுதான்.

23-2-2025

பெரிய அளவில் இதை யார் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு எங்கேயோ தேட வேண்டாம், ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர்களைப் பாருங்கள். மூலநிரல் திறந்தே இருக்கிறது. சின்ன ஈ-கிளாஸ், அதைவிடப் பெரிய சி-கிளாஸ் என்று பல வகை. ஈ-கிளாஸை ஆர்ட்டி ஏ7-35டி போர்டிலும் சி-கிளாஸை ஏ7-100டி போர்டிலும் ஏற்றிப் பார்க்கலாம். நிஜ சிலிக்கனாகவும் 2018-இல் வந்துவிட்டது.

அவர்கள் எழுதுவது புளூஸ்பெக்கில். நான் ஜனவரி 19-ஆம் தேதி புலம்பிய கைகுலுக்கல் இருக்கிறதே, அதை அந்த மொழி கையில் எடுத்துக்கொள்கிறது. ஒரு மெத்தட் எழுதினால் அதற்கான ரெடி, எனேபிள் கம்பிகளைக் கம்பைலரே போட்டுவிடும், மறப்பதற்கு வாய்ப்பில்லை. 2020-இல் அந்தக் கம்பைலரும் திறந்த மூலமாகிவிட்டது. இரண்டு தடவை கற்க உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் வெரிலாக்குக்கே ஓடி வந்துவிட்டேன். வயசாகிறது.

1-3-2025

இன்னொரு திருத்தம். எஃப்பிஜிஏ-வில் ரீசெட்டைக் குறைத்துக்கொள், ரிஜிஸ்டருக்குத் தொடக்க மதிப்பு கொடுத்தால் போதும் என்று நான் வேறொரு இடத்தில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எஃப்பிஜிஏ-வோடு நிற்கும்வரை அது பெரும்பாலும் சரி. பிட் ஃபைல் ஏறும்போது அந்த மதிப்பும் சேர்ந்தே ஏறிவிடும்.

யூஆர்ட்டை டைனி டேப்அவுட்டுக்கு அனுப்பலாமா என்று போன வாரம் தயார் செய்தேன். 2022-இல் தொடங்கிய திட்டம் அது. பல பேருடைய குட்டி டிசைன்களை ஒரே சிப்பில் சேர்த்து அச்சடிப்பார்கள். கேட் அளவு சிமுலேஷனை ஓட்டியதும் திரை முழுக்கச் சிவப்பாக எக்ஸ் எக்ஸ் எக்ஸ், அதாவது 0-வா 1-ஆ என்று தெரியாத மதிப்பு. சிலிக்கனில் தொடக்க மதிப்பு என்று எதுவும் இல்லை. மின்சாரம் வந்ததும் ஃபிளிப்ஃபிளாப் 0-வாக எழும்பும் அல்லது 1-ஆக எழும்பும், அதன் இஷ்டம். ஐந்து போர்டில் ஓடிய மாட்யூல், ரீசெட் இல்லாததால் அங்கே ஒரு கிளாக்கூட ஓடாது. ஸ்டேட், கவுண்டர், வேலிட் மூன்றுக்கும் ரீசெட் போட்டேன். டேட்டா ரிஜிஸ்டர்களை விட்டுவிட்டேன், வேலிட் 0 என்றால் அதில் என்ன இருந்தால் என்ன.

8-3-2025

தம்பி திரும்ப வந்திருக்கிறார். ஆர்ட்டி போர்டில் 868 சரியாக எண்ணுகிறதாம், எல்லா எழுத்தும் வருகிறதாம், ஆனால் போர்டை ஆன் செய்ததும் முதல் எழுத்து மட்டும் குப்பை.

டிஎக்ஸ் ரிஜிஸ்டர் என்ன மதிப்பில் தொடங்குகிறது என்று பாருங்கள். யூஆர்ட் லைன் சும்மா இருக்கும்போது 1-இல் இருக்க வேண்டும். 0-வில் தொடங்கினால் எதிர்முனைக்கு அது முடியாத ஒரு ஸ்டார்ட் பிட். முதல் எழுத்தின் நிஜமான ஸ்டார்ட் பிட் வரும்போது லைன் ஏற்கெனவே கீழே கிடக்கிறது, எங்கே தொடங்கியது என்று அதற்கு எப்படித் தெரியும்?

8-3-2025, இரவு

0-தான் இருந்ததாம். ஐஸ்ஸ்டிக்கிலும் அப்படியேதான் வந்துகொண்டிருந்ததாம், முதல் எழுத்தை யாரும் பார்க்கவில்லை.